பின்கதவுக் கண்ணாடியும் என் தந்தையின் வாக்குமூலமும்

அனுப்புநர்
ரா. சங்கமித்ரா,
த/பெ ராகுலன்,
எண் 31, மூன்றாவது லைன்,
மைசூர் மைன்ஸ்,
கோலார் தங்கவயல், கர்நாடகம்.

பெறுநர்
தலைமைக் குறைதீர் அலுவலர் அவர்கள்,
அரவணை ஜெனரல் இன்சூரன்ஸ்,
தென்மண்டல அலுவலகம்,
சென்னை.

பொருள்: காரின் இடது பின்கதவுக் கண்ணாடி உடைந்தது – இழப்பீட்டை மறுத்து அனுப்பப்பட்ட கடிதத்தில் என் தந்தையைப் பற்றி எழுதப்பட்டுள்ள வாக்கியத்தைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 06.08.2025.
2. என் மின்னஞ்சல்கள், நாள் 11.08.2025, 19.08.2025, 01.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. தமிழில் எழுதுவது முதல் முறை. முந்தைய மூன்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குள் ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை ஐயா, புகார் சொன்னேன். தங்கள் அலுவலகம் சென்னையில் இருப்பதால், தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு மனிதராவது இதைக் கையில் எடுத்துப் படிப்பார் என்று நம்பிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். தங்கள் கடிதத்திலுள்ள ஒரு வாக்கியத்தால், நுரையீரல் நோயாளியான என் தந்தை ஐந்து வாரமாக மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். அந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கிறேன். நடந்தது முழுவதையும் கீழே எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தவறுகளையும் மறைக்கவில்லை.

1. என் தந்தை திரு. ராகுலனுக்கு எழுபத்து நான்கு வயது. தங்கச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் டிம்பர்மேனாக இருந்தவர். பூமிக்கடியில் தோண்டிய இடம் இடிந்து விழாமல் மரம் வைத்து முட்டுக் கொடுப்பது அவர் வேலை. கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டதால் இப்போது பாதி நாள் ஆக்சிஜனில் இருக்கிறார். மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் கோலாரிலுள்ள நுரையீரல் மருத்துவரிடம் அவரை அழைத்துப் போக வேண்டும். எனக்கு வேலை பெங்களூரில், ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில். மற்ற நாட்களில் மாரிகுப்பத்திலிருந்து விடிகாலை ரயிலில் போய் இருட்டிய பிறகே திரும்புகிறேன். அந்த இரண்டு சனிக்கிழமைகளுக்காகவே கார் வாங்கினேன். வேறெங்கும் ஊர் சுற்றியதில்லை.

பஸ்ஸில் போகலாமே என்று தங்கள் அழைப்பு மையத்தில் ஒரு பெண் கேட்டார். எங்கள் ஊர்க் காற்றை அவர் பார்த்ததில்லை. பொன்னை எடுத்துவிட்டுக் கொட்டிய மண் இங்கே மலை மலையாகக் கிடக்கிறது. சயனைட் மேடு என்போம். ஆடி மாதக் காற்றில் அந்த மேட்டின் தூசி தெருவையே மூடும். என் தந்தை அந்தத் தூசியில் பத்து நிமிடம் நின்றால் இரண்டு நாள் படுக்கையில் கிடப்பார். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வராதபடி ஏ.சி.யை வைத்து, பின்சீட்டின் இடப்பக்கம் சிலிண்டரோடு உட்கார்ந்து வருவார். அவர் உட்காரும் பக்கத்துக் கண்ணாடிதான் உடைந்தது.

2. 09.07.2025 புதன்கிழமை, காலை பதினொரு மணி வாக்கில், வீட்டு வாசலில் நின்றிருந்த காரின் இடது பின்கதவுக் கண்ணாடி முழுவதும் நொறுங்கிக் கொட்டியது. நான் வேலையில் இருந்தேன். என் தந்தை உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். கட்டில் அதிர்ந்ததாகவும் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகவும் சொன்னார். வெளியே வந்து பார்த்தால் கண்ணாடி இல்லை. உடனே எனக்குத் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏர் பிளாஸ்ட்மா. கண்ணாடி போய்கீது. நீ வந்து ஒண்ணும் தொடாத, கூட்டிப் பெருக்காத. கம்பெனி ஆளு வந்து பாக்கட்டும்.”

3. இதை, சேதத்தைப் பார்வையிட வந்த தங்கள் சர்வேயருக்கு விளக்க முயன்று தோற்றேன். தங்களுக்கும் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். சுரங்கம் ஓடிய காலத்தில், ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் மேலே வீடுகள் குலுங்கும். அதற்குத்தான் ஏர் பிளாஸ்ட் என்று பெயர். ஓடு சரியும், ஜன்னல் கண்ணாடி உடையும். தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன்களில் அப்போது ஒரு நடைமுறை இருந்தது. உடைந்ததைப் பெருக்கக் கூடாது. சுரங்க வாயிலில் உள்ள ஷாஃப்ட் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனி மேஸ்திரி வந்து, சில்லு எங்கே விழுந்திருக்கிறது, எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். நாலைந்து நாளில் புதுக் கண்ணாடி வந்துவிடும். அவசரப்பட்டுப் பெருக்கித் தள்ளிய வீட்டுக்குக் கண்ணாடி கிடையாது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அம்மா ஒரு வாரம் அந்தச் சில்லுகளைத் தாண்டித் தாண்டியே சமையலறைக்குப் போனார்.

அந்தக் கம்பெனி மூடி இருபத்து நான்கு வருடம் ஆகிறது. என் தந்தைக்கும் அது தெரியும். ஓய்வூதியப் பேச்சு வரும்போதெல்லாம் அவர்தான் கம்பெனியை முதலில் திட்டுவார். ஆனால் கண்ணாடி உடைந்தது கண்ணில் பட்டதும் பழைய கை தானாகப் பழைய வேலையைச் செய்தது. வெள்ளைத்தாளில் மனு எழுதி, ஒரு கையில் சிறிய சிலிண்டரோடு ஆட்டோ பிடித்து, மூடிக் கிடக்கும் ஷாஃப்டின் வாசலுக்குப் போய்விட்டார்.

4. அங்கே இருப்பது ஒரு தனியார் ஏஜென்சியின் காவலாளி, திரு. சுந்தரராஜ். ‘இங்கே ஆபீஸ் இல்லை பெரியவரே’ என்று அவர் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் மனுவை வாங்கி, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். பிற்பாடு நான் போய்க் கேட்டதற்கு, “மூச்சு வாங்கிக்கினு வந்து நிக்கிறாரு. ஆபீஸ் இல்லன்னு நான் எப்டிமா சொல்றது?” என்றார். என்னால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. அந்த நகலை இணைத்துள்ளேன்.

5. கையெழுத்துப் போட்டு வாங்கியாயிற்று, ஆள் வருவார் என்று என் தந்தை காத்திருக்க ஆரம்பித்தார். காரின் பக்கத்தில் நாற்காலி போட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தெருப் பிள்ளைகள் சில்லுகளை மிதிக்காமல் பார்த்துக்கொண்டார். 12ஆம் தேதி மருத்துவமனை நாள். ஆள் வந்து பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். ஒன்பது நாள் இப்படிப் போனது.

இந்த ஒன்பது நாள் தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு. கம்பெனி ஆள் வரமாட்டார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ரயிலேறிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் மனதின் ஓர் ஓரத்தில், யாராவது வந்துவிட மாட்டார்களா என்று எனக்கும் இருந்தது. தாமதத்துக்காக என் கோரிக்கையை நிராகரித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு ஏற்றிருப்பேன்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கள் நிறுவனம் கொடுத்த கையேட்டில், சர்வேயர் பார்வையிடும் வரை சேதமடைந்த பாகத்தைத் தொடக் கூடாது, சீர் செய்யக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது. என் தந்தை செய்ததும் அதுவே. எந்த ஆபீசின் ஆளுக்காகக் காத்திருந்தார் என்பதில்தான் பிசகிவிட்டார்.

6. 18.07.2025 அன்று தங்களுக்குத் தெரிவித்தேன். படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். படத்தில் மனிதர் இருப்பதாகச் சொல்லித் தங்கள் செயலி அதைத் திருப்பி அனுப்பியது. அந்த மனிதர் என் தந்தை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரை எழுந்து நகரச் சொல்லி மறுபடி எடுத்தேன். வெளிச்சம் போதவில்லை என்றது. மூன்றாம் முறை எடுத்தபோது காரின் எண் தெரியவில்லை என்றது. பின்கதவைப் படமெடுத்தால் எண் பலகை எப்படி ஐயா தெரியும்? அந்தச் செயலியைச் செய்தவர் ஒரு காரைச் சுற்றி ஒரு தடவையாவது நடந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

7. 21ஆம் தேதி சர்வேயர் திரு. விநாயக் வந்தார். நான் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நின்றது ஏழெட்டு நிமிடம். கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தார், நான்கு படம் எடுத்தார், ‘எப்படி உடைந்தது?’ என்று கேட்டார். என் தந்தை சொன்னார், “பூமி ஆடுச்சி சார். ஏர் பிளாஸ்ட். நமக்குத் தெரியாதா?” திரு. விநாயக் அதை ஆங்கிலத்தில் எழுதி, என் தந்தையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டும். இப்போதைய கார்களின் பக்கக் கண்ணாடி உடைந்தால் நீளமான துண்டுகளாக விழுவதில்லை. கல்கண்டு போல் பொடிப்பொடியாக உதிரும். பாதி சீட்டில் விழும், மீதி கதவின் வயிற்றுக்குள் போய்விடும். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால்தான் உள்ளே என்ன விழுந்திருக்கிறது என்று தெரியும். நாலு ஸ்க்ரூ, கொஞ்சம் கிளிப்பு, அவ்வளவே வேலை. திரு. விநாயக் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல எனக்கும் அன்று தெரியவில்லை.

8. அதற்கப்புறம் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் கதை. தங்கள் ஒப்புதல் இல்லாமல் கண்ணாடி போட மாட்டோம் என்றார்கள். ஒப்புதல் வரும் வரை கண்ணாடியை வரவழைத்தாவது வைப்போம் என்று வரவழைத்தார்கள். வந்தது வலது கதவுக் கண்ணாடி. திருப்பி அனுப்பி மறுபடி வரவழைத்தார்கள். மறுபடியும் வலது. இடது எது வலது எது என்பது வண்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பதா, முன்னால் நின்று பார்ப்பதா என்று அவர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

26ஆம் தேதி, ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு என் தந்தையைக் கோலாருக்கு அழைத்துப் போனேன். பாதி வழியில் ஒரு பக்கம் பிய்ந்துகொண்டது. தாள் படபடவென்று அவர் காதருகில் அடித்துக்கொண்டே வந்தது. தூசி உள்ளே வந்தது. வண்டியை நிறுத்தி நிறுத்தி ஒட்டினேன். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரால் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை, அப்படி ஓர் இருமல். நர்ஸ் என்னைத்தான் திட்டினார். திட்டட்டும், அதில் நியாயம் இருந்தது. திரும்பி வந்த பிறகு அவருடைய வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கண்ணாடித் துணுக்கை எடுத்தேன்.

9. ஆகஸ்ட் 8ஆம் தேதி தங்கள் ஆங்கிலக் கடிதம் வந்தது. நான் வீட்டில் இல்லை. என் தந்தை அதைப் பக்கத்து வீட்டு ஆசிரியை மமதாவிடம் கொண்டுபோய்ப் படித்துச் சொல்லச் சொன்னார். நிலநடுக்க ஆய்வு நிலையத்தின் பதிவில் அன்றைய தேதியில் அதிர்வு எதுவும் இல்லை, அக்கம்பக்கத்தில் வேறு சேதமும் இல்லை என்று சொல்லிவிட்டு, தங்கள் அலுவலகம் இப்படி எழுதியிருக்கிறது: ‘இழப்பீடு பெறும் நோக்கத்துடன், காப்பீடுதாரரின் தந்தை வேண்டுமென்றே பொய்யான வாக்குமூலம் அளித்துள்ளார்.’

மமதா அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவப் பார்த்திருக்கிறார். என் தந்தை விடவில்லை. “நடுவுல ஒண்ணு விட்டுட்டியேமா” என்று கேட்டிருக்கிறார். படித்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து மமதா என்னைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கிறார். அவர் எதற்குக் கேட்க வேண்டும்?

10. மறுநாள் சனிக்கிழமை, மருத்துவமனை நாள். சிலிண்டரைக் காரில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றார். தூசிக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்து, மமதாவின் தம்பி காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதிலும் ஏறவில்லை. காரணம் கேட்டேன். இப்படிச் சொன்னார்: “டாக்டரு எட்த்ததும் இன்னா கேப்பாரு? ராத்திரி எப்டி இருந்துச்சி, எத்தினி அடி நடந்தா மூச்சு வாங்குதுன்னு கேப்பாரு. நான் சொல்றத வச்சிதான் மருந்து எழுதுவாரு. எம்பேச்சு பொய்யின்னு ஆபீஸ்ல எழுதி அனுப்பிக்கீறாங்க. இனிமே நான் இன்னா சொன்னா இன்னா?”

நான் கத்தினேன். கெஞ்சினேன். அழவும் செய்தேன். அந்தக் கடிதம் டாக்டருக்குப் போகவில்லை, அவருக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னேன். “எனக்குத் தெரியுமே” என்றார். ஆகஸ்ட் 9, ஆகஸ்ட் 23, செப்டம்பர் 13 என்று மூன்று சனிக்கிழமைகள் போய்விட்டன. மருத்துவரிடம் போனில் பேசினேன். ஆளை நேரில் பார்க்காமல் ஆக்சிஜன் அளவை மாற்ற முடியாது, இந்த மாதத்துக்குள் கண்டிப்பாக அழைத்து வர வேண்டும், இல்லாவிட்டால் நிலைமை கையை மீறிவிடும் என்றார். என் தந்தையின் கால்கள் இப்போது வீங்கத் தொடங்கியிருக்கின்றன.

11. உண்மையில் கண்ணாடி எப்படி உடைந்தது என்று தங்களுக்கு நானே சொல்கிறேன். என் தந்தை சொன்னது சரியல்ல. அன்று ஏர் பிளாஸ்ட் எதுவும் இல்லை.

17.08.2025 ஞாயிறன்று கிளமெண்ட் என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். புல் வெட்டும் மெஷினை வாடகைக்கு ஓட்டுபவர். கால்பந்துப் போட்டிக்காகத் திடல் ஓரத்துப் பார்த்தீனியக் களையை வெட்டிக்கொண்டே எங்கள் லைன் பின்னால் வந்தபோது, பிளேடில் பட்ட ஒரு கல் தெறித்துக் கார் பக்கம் போனதாம். காதில் அடைப்பான் இருந்ததால் சத்தம் கேட்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் கண்ணாடி இல்லாத காரும் பக்கத்தில் நாற்காலியில் என் தந்தையும். பயந்துபோய்ப் பேசாமல் போய்விட்டார். பெரியவர் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை என்று கேள்விப்பட்டுத்தான் வந்தார். அவர் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் இணைத்துள்ளேன்.

நான் அவரை இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். என் தந்தை கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கிளமெண்டிடம் எந்த இடத்தில் நின்றாய், கல் எவ்வளவு பெரிது, மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவருக்கு டீ கொடுக்கச் சொன்னார். கிளமெண்ட் போன பிறகு, “அப்ப கட்டிலு ஆடுனது அந்த மெஷினா” என்று மட்டும் கேட்டார். அன்று சாப்பிடவில்லை.

12. இனியும் தங்கள் பதிலுக்கும் சர்வீஸ் சென்டரின் இடது வலதுக்கும் காத்திருக்க முடியாது என்று, 06.09.2025 அன்று கோலாரில் ஒரு கண்ணாடிக் கடையில் என் செலவிலேயே புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன். கடைக்காரர் கதவின் உள் அட்டையைக் கழற்றி, கண்ணாடித் தூள்களை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சும்போது உள்ளே ‘கடகட’வென்று ஒரு சத்தம். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருங்கல் துண்டு வந்தது. ஜூலை 21இல் திரு. விநாயக் நாலு ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால் அன்றே அது அவர் கையில் இருந்திருக்கும். அதை எடுக்கும்போது எடுத்த படங்களும் கல்லும் இணைப்பில் உள்ளன.

புதுக் கண்ணாடி மேலே ஏறியதும் தானாகத் திரும்ப இறங்கியது. விரல் மாட்டிக்கொண்டதாக நினைத்து இறங்குகிறது, மேல் எல்லை எது, கீழ் எல்லை எது என்று அதற்கு மறுபடி கற்றுத்தர வேண்டும் என்றார் கடைக்காரர். ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினார். சரியாகிவிட்டது. இப்போது ஒரு துளித் தூசி உள்ளே வராது. அந்த வண்டியைத்தான் 13ஆம் தேதி வாசலில் நிறுத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் கூப்பிட்டேன். வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். நல்லா போட்டிருக்கிறான் என்றார். உள்ளே போய்விட்டார்.

13. ஐயா, பாறை பேசுவதை என் தந்தை காலால் கேட்பவர். மெஷின் சத்தத்தில் அவர் காது மந்தமாகி வெகு காலமாகிறது. சுரங்கத்தில் ஒரு டிம்பர்மேன் ‘இங்கே அசைகிறது’ என்றால் அந்த ஆழத்து லெவலில் இருக்கும் ஆட்கள் எல்லாரையும் கேஜ் என்னும் சுரங்க லிஃப்டில் மேலே ஏற்றிவிடுவார்கள். பாதி தடவை ஒன்றும் நடக்காது. ஒரு ஷிஃப்டு வேலை வீணாகும். அதற்காக ஒருவரையும் பொய்யன் என்று எந்த அதிகாரியும் எழுதியதில்லை என்று என் தந்தை சொல்கிறார். அப்படி எழுதியிருந்தால் அடுத்த தடவை அசைந்தபோது யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அவர் சொன்னதை நம்பி மேலே வந்து பிழைத்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இந்தத் தடவை அவர் உணர்ந்தது தப்பாகிவிட்டது. வயதாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்வதே அவருக்குப் போதுமான கஷ்டம். அதன் மேல் தாங்கள் வேறொன்றையும் ஏற்றி வைத்துவிட்டீர்கள்.

நாங்கள் பௌத்தக் குடும்பம். தினமும் காலையில் என் தந்தை பஞ்சசீலம் சொல்வார். மூச்சு வாங்கும் நாட்களிலும் நிறுத்தி நிறுத்தியாவது ஐந்தையும் சொல்லிவிடுவார். அதில் நான்காவது, பொய் பேசாதிருக்க உறுதி எடுப்பது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து அவர் மூன்றாவது வரை சொல்லிவிட்டுச் சற்று நிற்கிறார். பிறகு ஐந்தாவதைச் சொல்கிறார். முதலில் மூச்சுக்காக நிறுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்ததால் எனக்குப் பல நாள் இது புரியவில்லை. புரிந்த நாளிலிருந்து எனக்குத் தங்கள் நிறுவனத்தின் மேல் வந்திருக்கும் கோபத்தை இந்த மனுவில் எழுத முடியாது, எழுதினால் மனுவாக இருக்காது.

14. ஆகவே நான் கேட்டுக்கொள்வது:

கண்ணாடிக்கான தொகையை நான் கேட்கவில்லை. அந்தக் கோரிக்கையை இந்த மனுவின் மூலம் விலக்கிக்கொள்கிறேன். தாமதம், தவறான காரணம் என்று எதை எழுதி வேண்டுமானாலும் கோப்பை மூடிக்கொள்ளுங்கள்.

06.08.2025 கடிதத்தில் உள்ள ‘வேண்டுமென்றே பொய்யான வாக்குமூலம்’ என்ற வாக்கியத்தைத் திரும்பப் பெற்று, திரு. ராகுலன் தாம் உணர்ந்ததைச் சொன்னார், அது தவறாகிவிட்டது என்று எழுதித் தர வேண்டும். தவறு என்று தாராளமாக எழுதுங்கள். அதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்தக் கடிதம் தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். உறையின் மேல் அவர் பெயர் இருக்க வேண்டும், என் பெயர் வேண்டாம். அடுத்த மருத்துவமனை நாள் செப்டம்பர் 27, சனிக்கிழமை. அதற்கு முன் வந்து சேரும்படி அனுப்புங்கள். செயலியிலும் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டாம், அதை அவரால் கையில் பிடிக்க முடியாது.

இந்த மனுவை என் தந்தைக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பஞ்சசீலம் பற்றிய இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எடுத்துவிடு என்று சொல்லவில்லை. கடைசியில் நாலு வரி இடம் விடச் சொன்னார். விட்டிருக்கிறேன். அவர் எழுதி, ஒட்டித் தந்த பிறகு அப்படியே தபாலில் சேர்க்கப் போகிறேன். என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, மரியாதையுடன்,

(ஒப்பம்)
ரா. சங்கமித்ரா

இடம்: மைசூர் மைன்ஸ், கோலார் தங்கவயல்
நாள்: 15.09.2025

இணைப்புகள்: தங்கள் கடிதத்தின் நகல், காவலாளி கையெழுத்திட்ட மனுவின் நகல், திரு. கிளமெண்டின் வாக்குமூலம், கதவுக்குள்ளிருந்து எடுத்த கல் (சிறு உறையில்), படங்கள் ஆறு.

ஐயா, ராகுலன் எழுதறது. கல்லுதான் பட்டுக்கீது. நானே கையில எடுத்துப் பாத்தேன். அன்னிக்கு எனக்குப் பூமி ஆடுன மாதிரி இருந்துச்சி, அத்தத்தான் சொன்னேன். தப்பு என்னுது. இத்த எழுதச் சொல்லி எம்பொண்ணு சொல்லல.

ராகுலன்